24 கட்டங்கள்: பிள்ளைகளுக்கு ஹைஸ்கூல் பாட அட்டவணை போட்ட அனுபவம்

பிப்ரவரி பிறந்தால் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கு ஒரு தாள் வந்துவிடும். அடுத்த கல்வியாண்டில் பிள்ளை என்னென்ன பாடம் எடுக்கப் போகிறது என்று எழுதி, பெற்றோர் கையெழுத்தோடு பள்ளிக்குத் திருப்பி அனுப்ப வேண்டிய தாள். நாங்கள் இருப்பது கலிபோர்னியாவில், பே ஏரியா என்று எல்லோரும் சொல்லும் பகுதியில். மகளுக்காக அந்தத் தாளை நான்கு முறை நிரப்பினோம். அதில் ஒரு முறை நான் செய்த தவறு அவளுக்கு ஒரு வருடத் தூக்கத்தைக் கெடுத்தது. இப்போது மகன் ஒன்பதாம் வகுப்பில் இருக்கிறான். மறுபடி தாள் வந்திருக்கிறது. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

நான் படித்தது திருநெல்வேலிப் பக்கம். பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த மறுவாரம் அப்பா பள்ளிக்கூடத்துக்குப் போய் ஃபர்ஸ்ட் குரூப் கேட்டு வாங்கி வந்தார். அதோடு இரண்டு வருடத்துக்கான முடிவு முடிந்தது. குரூப் கிடைத்துவிட்டால் அதில் இருக்கும் எல்லாப் பாடத்தையும் எல்லோரும் படிப்போம். இங்கே அப்படி இல்லை. ஒன்பது முதல் பன்னிரண்டு வரை நான்கு வருடம், ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு அட்டவணை. ஒரே வகுப்பில் படிக்கும் இரண்டு தோழிகள் நாள் முழுவதும் ஒரு பாடத்தில்கூடச் சேர்ந்து உட்காராமல் போகலாம். எந்தக் கணக்கு, எந்த அறிவியல், சாதாரண வகுப்பா, அதைவிடக் கடினமான ஹானர்ஸா, கல்லூரி நிலையிலான ஏ.பி.யா என்று ஒவ்வொன்றையும் நாமே தேர்ந்தெடுக்க வேண்டும். கவுன்சிலர் உதவுவார். ஆனால் அவர் கையில் சில நூறு பிள்ளைகள். நம் பிள்ளைக்குக் கிடைப்பது பத்துப் பதினைந்து நிமிடம்தான்.

முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் பள்ளியில் ஒரு நாளைக்கு ஆறு பீரியட். நான்கு வருடத்துக்கு 24 கட்டங்கள். ஒரு வெள்ளைத்தாளில் ஆறு வரிசை, நான்கு பத்தி போட்டுப் பென்சிலால் நிரப்பிப் பாருங்கள். கலிபோர்னியா பல்கலைக்கழகமும், அதாவது யூ.சி.யும், கால் ஸ்டேட் எனப்படும் கலிபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகங்களும் ஏ-ஜி என்ற பாடப் பட்டியலைக் கேட்கின்றன. வரலாறு 2 ஆண்டு, ஆங்கிலம் 4, கணக்கு 3, அறிவியல் 2, ஆங்கிலம் அல்லாத மொழி 2, கலை 1, விருப்பப் பாடம் 1. மொத்தம் 15 ஆண்டுப் பாடங்கள். அதில் 11 பாடங்களைப் பன்னிரண்டாம் வகுப்புக்குப் போகும் முன்பே முடித்திருக்க வேண்டும் என்பது யூ.சி.யின் விதி. இது குறைந்தபட்சம். கணக்கு நான்கு, அறிவியல் மூன்று, மொழி மூன்று இருந்தால் நல்லது என்று யூ.சி.யே பரிந்துரைக்கிறது.

இங்கே ஒரு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. டி கிரேடு வாங்கினாலும் பள்ளியைப் பொறுத்தவரை அது பாஸ்தான், கிரெடிட் கிடைத்துவிடும். ஆனால் ஏ-ஜி கணக்கில் சி-யாவது வேண்டும். டி வாங்கிய பாடம் எடுக்காத பாடத்துக்குச் சமம். பள்ளிப் படிப்பை முடிக்கும் தகுதியும் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கும் தகுதியும் வேறு வேறு என்பதை ஒன்பதாம் வகுப்பிலேயே பிள்ளையிடம் சொல்லிவிடுங்கள்.

எங்கள் மகள் நான்காம் வகுப்பிலிருந்து வயலின் வாசிக்கிறாள். பள்ளி ஆர்கெஸ்ட்ராவில் நான்கு வருடமும் இருக்க வேண்டும் என்பது அவள் ஆசை. கணக்குப் போட்டுப் பார்த்தோம். ஆங்கிலம் 4, கணக்கு 4, அறிவியல் 4, சமூக அறிவியல் 3, ஸ்பானிஷ் 3, உடற்கல்வி 2, ஆர்கெஸ்ட்ரா 4. கூட்டினால் சரியாக 24. கம்ப்யூட்டர் சயின்ஸுக்கு ஒரு கட்டம்கூட மிச்சமில்லை. எங்கள் தமிழ்ப் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுக்காத பிள்ளையே கிடையாது என்று எனக்குத் தோன்றியது. "உங்க பொண்ணு எத்தனை ஏ.பி. எடுக்கிறா?" என்று கேட்கும்போதெல்லாம் எனக்குள் ஒரு பதற்றம் வரும். அந்தப் பதற்றத்தில்தான் நான் அட்டவணை போட்டேன்.

அவள் ஒன்பதாம் வகுப்புக்குப் போனது 2020-இல். பெரும்பாலும் வீட்டிலிருந்து ஜூம் வழியாகத்தான் வகுப்பு. எட்டாம் வகுப்பில் அல்ஜீப்ரா 1 முடித்திருந்ததால் ஒன்பதில் ஜியாமெட்ரி. வழக்கமான பாதையில் போனால் பத்தில் அல்ஜீப்ரா 2, பதினொன்றில் பிரீகால்குலஸ், பன்னிரண்டில் கால்குலஸ். எந்தக் குறையும் இல்லாத பாதை. எம்.ஐ.டி.கூட விண்ணப்பிக்கும் பிள்ளைகளுக்கு ஹைஸ்கூல் கணக்கில் கால்குலஸ் வரை என்றுதான் பரிந்துரைக்கிறது. அதைப் பதினொன்றிலேயே முடிக்க வேண்டும் என்று சொல்லவில்லை. அன்று எனக்கு இது தெரியாது. பக்கத்து வீட்டுப் பையன் பதினொன்றில் கால்குலஸ் பி.சி., அதாவது ஏ.பி. கால்குலஸில் பெரிய பாடத்தை, எடுக்கிறான் என்பது மட்டும்தான் தெரிந்தது.

அதனால் ஒன்பதாம் வகுப்பு முடிந்த கோடையில் அல்ஜீப்ரா 2-ஐ ஆன்லைனில் ஆறு வாரத்தில் முடிக்க வைத்தோம். ஒரு முழு ஆண்டுப் பாடம். அவளும் முடித்தாள், ஏ கிரேடும் வாங்கினாள். அந்த ஏ-யைப் பார்த்து நான் பூரித்துப் போனேன்.

பதினொன்றாம் வகுப்பு அட்டவணை இப்படி இருந்தது: ஏ.பி. கால்குலஸ் பி.சி., ஏ.பி. கெமிஸ்ட்ரி, ஏ.பி. அமெரிக்க வரலாறு, ஏ.பி. ஆங்கில மொழி, ஏ.பி. கம்ப்யூட்டர் சயின்ஸ், பிசிக்ஸ். ஆர்கெஸ்ட்ரா இல்லை. "ஒரு வருஷம்தானே, வீட்டில் வாசி" என்றேன். அவள் மறுபேச்சுப் பேசவில்லை. வயலின் பெட்டி அவள் அறையில் புத்தக அலமாரிக்கும் சுவருக்கும் நடுவே போய் நின்றது. அந்த வருடம் முழுக்க அது அங்கிருந்து நகரவில்லை.

நவம்பரில் ஒரு இரவு, மணி ஒன்றே முக்கால் இருக்கும். தண்ணீர் குடிக்க எழுந்து வந்தேன். மேசை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அவள் முன்னால் ஒரே ஒரு கணக்கு. எக்ஸ் அடுக்கு எக்ஸ் என்பதன் வகைக்கெழுவைக் கண்டுபிடிக்க வேண்டும். இரண்டு பக்கமும் லாக் எடுத்தால் அடுக்கில் இருக்கும் எக்ஸ் கீழே இறங்கிவிடும், அதன் பிறகு சுலபம். அவள் லாக் எடுத்திருந்தாள், அடுக்கையும் இறக்கியிருந்தாள். அதற்குமேல் நகர முடியவில்லை. "அடுக்கு ஏன் கீழே வருது?" என்று கேட்டேன். "அது ரூல் அம்மா, சம்மர்ல மனப்பாடம் பண்ணினேன்" என்றாள். கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னாள்: "இது புரியலைன்னு இல்லைம்மா. இதுக்கு முன்னாடி இருக்கிறதே எனக்குப் புரியலை."

பிளஸ் டூவில் கணக்கு படித்தவள் நான். அவள் சொன்னது என்ன என்று எனக்கு அந்த நொடியே விளங்கிவிட்டது. லாகரிதமும் முக்கோணவியலும் ஊறிப் பழக வேண்டிய ஒரு வருடத்தை ஆறு வாரமாகச் சுருக்கியது நான். அந்தக் கடன்தான் இப்போது நடுராத்திரியில் வந்து நிற்கிறது. அன்று இரவு லாக் என்றால் என்ன என்பதிலிருந்து தொடங்கினோம். மூன்று மணி வரை உட்கார்ந்திருந்தோம். முதல் செமஸ்டரில் கால்குலஸில் சி வந்தது. இரண்டாம் செமஸ்டரில் பி.

யூ.சி. கணக்கிடும் ஜி.பி.ஏ., அதாவது கிரேடுகளின் சராசரி, ஒன்பதாம் வகுப்பு முடிந்த கோடையிலிருந்து பதினொன்றாம் வகுப்பு முடிந்த கோடை வரை வாங்கிய கிரேடுகளை வைத்துத்தான். ஒவ்வொரு செமஸ்டரும் தனித்தனியாக எண்ணப்படும். ஏ.பி., ஹானர்ஸ் பாடங்களுக்குக் கூடுதல் புள்ளி உண்டு, ஆனால் அதிகபட்சம் எட்டு செமஸ்டருக்கு மட்டும். அதாவது நான்கு ஆண்டுப் பாடங்கள். அந்த எட்டிலும் பத்தாம் வகுப்பிலிருந்து நான்குக்கு மேல் எண்ண மாட்டார்கள். அதற்குமேல் எடுத்த ஏ.பி.கள் வீண் என்று நான் சொல்லவில்லை. விண்ணப்பத்தைப் படிப்பவர் முழுப் பாடப் பட்டியலையும் பார்க்கிறார். ஆனால் ஏ.பி. கூடக் கூட ஜி.பி.ஏ. ஏறிக்கொண்டே போகும் என்று நம்பி நான் அடுக்கியது தவறு. எஸ்.ஏ.டி. நுழைவுத்தேர்வு மதிப்பெண்ணை யூ.சி. சேர்க்கைக்குப் பார்ப்பதே இல்லை என்பதால் பத்து, பதினொன்று இரண்டு வருடக் கிரேடுகளின் கனம் இன்னும் கூடுகிறது.

தனியார் பல்கலைக்கழகங்கள் பலவற்றுக்கு காமன் ஆப் என்ற பொது விண்ணப்பம் வழியாக விண்ணப்பிக்கிறோம். அங்கே பள்ளிக் கவுன்சிலர் அனுப்பும் படிவத்தில் இந்தப் பிள்ளை எடுத்த பாடங்கள் இந்தப் பள்ளியில் கிடைப்பவற்றோடு ஒப்பிட்டால் எவ்வளவு கடினமானவை என்று ஒரு கேள்வி உண்டு. கூடவே பள்ளியின் விவரக் குறிப்பும் போகும், எத்தனை ஏ.பி. பாடங்கள் நடத்துகிறோம் என்பது அதில் இருக்கும். ஆகவே ஒப்பீடு உங்கள் பள்ளிக்குள்தான். இருபது ஏ.பி. நடத்தும் பள்ளிப் பிள்ளையும் ஐந்து நடத்தும் பள்ளிப் பிள்ளையும் ஒரே தராசில் வைக்கப்படுவதில்லை. பெரும்பாலான பள்ளிகள் அந்த விவரக் குறிப்பைத் தங்கள் இணையதளத்திலேயே வைத்திருக்கின்றன. வாட்ஸ்அப் குழுவைப் படிப்பதற்கு முன் அதைப் படியுங்கள். நான் படித்தது மகள் பன்னிரண்டாம் வகுப்பு வந்த பிறகு.

மாநிலம் மாறினால் கணக்கும் மாறும் என்பதையும் சொல்ல வேண்டும். டல்லாஸில் இருக்கும் என் தோழிக்கு வேறு கவலை. டெக்சாஸில் 1997-இல் வந்த சட்டப்படி வகுப்பில் முதல் பத்து சதவீத இடத்தில் இருக்கும் பிள்ளைகளுக்கு அரசுப் பல்கலைக்கழகங்களில் நேரடி இடம் உண்டு. ஆஸ்டினில் இருக்கும் டெக்சாஸ் பல்கலைக்கழகத்துக்கு மட்டும் அந்த எல்லை சுருங்கிக்கொண்டே வந்து, 2026 இலையுதிர் காலத்தில் சேர்பவர்களுக்கு முதல் ஐந்து சதவீதம் என்று ஆகிவிட்டது. அதனால் அங்கே ரேங்க்தான் பேச்சு. கூடுதல் புள்ளி இல்லாத இசை வகுப்பை எடுத்தால் ரேங்க் இறங்கிவிடுமோ என்று பயப்படுகிறாள். நான் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ளாமல் உங்கள் மாநில விதியை முதலில் பாருங்கள்.

அட்டவணையைப் பின்னாலிருந்து முன்னால் போடுங்கள் என்பது நான் எல்லோரிடமும் சொல்வது. பன்னிரண்டாம் வகுப்பில் பிள்ளை எங்கே இருக்க விரும்புகிறது? ஏ.பி. பிசிக்ஸ் சி வேண்டுமென்றால் கால்குலஸ் அதற்கு முன்போ கூடவோ இருக்க வேண்டும். ஏ.பி. கெமிஸ்ட்ரிக்கு முன் சாதாரண கெமிஸ்ட்ரியும் அல்ஜீப்ரா 2-உம் வேண்டும். ஒவ்வொன்றுக்கும் முன்னால் எது வர வேண்டும் என்று பின்னோக்கிப் போனால் ஒன்பதாம் வகுப்பில் என்ன எடுக்க வேண்டும் என்பது தானாகவே தெரியும். கணக்கு மட்டும் இன்னும் பின்னால் போகிறது. எட்டாம் வகுப்பில் அல்ஜீப்ரா 1 கிடைக்குமா என்பது ஆறாம் வகுப்பு வாக்கிலேயே முடிவாகிவிடுகிறது. கிடைக்கவில்லை என்றாலும் பதற வேண்டாம். ஒரு நிலையைத் தாண்டிக் குதிக்கத்தான் வேண்டும் என்றால் பிள்ளை உண்மையில் ஊறிப்போன இடத்தில் குதிக்கட்டும். யூ.சி.யைப் பொறுத்தவரை மேல்நிலைக் கணக்கில் நல்ல கிரேடு வாங்கினால் கீழ்நிலையில் விட்டதை ஈடுகட்டலாம், ஆனால் ஜியாமெட்ரிக்கு அந்தச் சலுகை கிடையாது. அதை எடுத்தே ஆக வேண்டும்.

அப்புறம், மணிக்கணக்கு. அந்தச் சி வந்த பிறகு மகளும் நானும் ஒரு வாரம் முழுக்க எழுதி வைத்தோம். கால்குலஸ் ஆறு மணி நேரம், வரலாறு ஆறு, கெமிஸ்ட்ரி ஐந்து, ஆங்கிலம் மூன்று, கம்ப்யூட்டர் மூன்று, பிசிக்ஸ் இரண்டு. மொத்தம் 25 மணி நேர வீட்டுப்பாடம். நாலு மணிக்கு வீட்டுக்கு வந்து, குளித்து, சாப்பிட்டு, பத்தரைக்குப் படுக்க வேண்டும் என்றால் ஒரு நாளைக்கு ஐந்து மணி நேரம்தான் தேறும். திங்கள் முதல் வெள்ளி வரை அந்த 25 அப்படியே அடங்கும், ஆனால் ஒரு நிமிடம்கூட மிச்சமில்லாமல். பரதநாட்டியம், தோழியின் பிறந்தநாள், காய்ச்சல் எதற்கும் அதில் இடமில்லை. அவை வந்த நாளெல்லாம் தூக்கத்திலிருந்துதான் எடுத்தாள். இந்தக் கணக்கைப் பிப்ரவரியிலேயே போட்டிருக்க முடியும். ஒரு வருடம் முன்னால் அந்தப் பாடங்களை எடுத்த பிள்ளைகளிடம் வாரத்துக்கு எத்தனை மணி நேரம் ஆகிறது என்று கேட்டால் உண்மையைச் சொல்வார்கள். அவர்களைவிடச் சரியாகச் சொல்லக்கூடியவர் யாரும் இல்லை.

பிப்ரவரித் தாளை ஏதோ விருப்பப் பட்டியல், ஆகஸ்டில் மாற்றிக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். அதில் வரும் எண்ணிக்கையை வைத்துத்தான் எந்தப் பாடத்துக்கு எத்தனை வகுப்பு, எந்த ஆசிரியர் என்று பள்ளி முடிவு செய்கிறது. சில பாடங்களுக்கு நாள் முழுவதற்கும் ஒரே ஒரு வகுப்புதான் இருக்கும். அப்படி இரண்டு பாடங்கள் ஒரே பீரியடில் வந்தால் ஒன்றை விட்டுத்தான் ஆக வேண்டும். மாற்றுப் பாடம் என்று கீழே இரண்டு கோடு விட்டிருப்பார்கள். மகளுக்கு நான் அதில் கவனமில்லாமல் ஏதோ எழுதினேன், பத்தாம் வகுப்பில் அதில் ஒன்று அப்படியே வந்து விழுந்தது. சரிசெய்ய மூன்று மின்னஞ்சல், இரண்டு வாரம். ஒரு பாடத்தைக் கிரேடு பதிவாகாமல் விடுவதற்கு முதல் சில வாரம்தான் அவகாசம். அந்தத் தேதியை நாள்காட்டியில் குறித்து வையுங்கள்.

கட்டம் போதவில்லை என்றால் வழிகள் உண்டு. கோடையில் ஹெல்த் பாடத்தை முடிக்கலாம். கம்யூனிட்டி காலேஜ் என்ற உள்ளூர் இரண்டாண்டுக் கல்லூரியில் பாடம் எடுக்கலாம். அங்கே ஒரு செமஸ்டர் பாடத்தை யூ.சி. ஹைஸ்கூலின் ஒரு வருடப் பாடமாக எண்ணுகிறது. ஆனால் அந்தக் கிரேடு கல்லூரிப் பதிவேட்டில் நிரந்தரமாக நிற்கும், விளையாட்டாக எடுக்கக் கூடாது. தமிழும் உதவலாம். எங்கள் பள்ளி மாவட்டம் வார இறுதித் தமிழ்ப் பள்ளிப் படிப்பை மொழி கிரெடிட்டாக ஏற்றுக்கொண்டது. எல்லா மாவட்டமும் ஏற்பதில்லை, கேட்டுப் பார்க்க வேண்டும். இருமொழித் தேர்ச்சிக்குக் கலிபோர்னியா அரசு தரும் முத்திரையைத் தமிழுக்கும் வாங்கலாம். மகள் வாங்கினாள். பட்டமளிப்பு நாளில் அவள் சான்றிதழில் அந்த முத்திரையைப் பார்த்தபோது எனக்கு வந்த சந்தோஷம் எந்த ஏ.பி. மதிப்பெண்ணுக்கும் வந்ததில்லை.

பன்னிரண்டாம் வகுப்பில் அவளே தாளை எழுதினாள். ஏ.பி. மூன்று, அதோடு ஆர்கெஸ்ட்ரா. ஒரு வருடம் விட்டுப்போனதால் கடைசி வரிசையில் இடம். ஆசிரியர் மறுபடி சேர்த்துக்கொண்டதே பெரிது என்றாள். பன்னிரண்டுதானே, விண்ணப்பம் போய்விட்டதே என்று விட்டுவிடவும் முடியாது. யூ.சி. தரும் சேர்க்கை நிபந்தனைக்கு உட்பட்டது. டி வாங்கினாலோ, சொல்லாமல் பாடத்தை மாற்றினாலோ இடம் கைநழுவலாம். இப்போது அவள் யூ.சி. வளாகம் ஒன்றில் இரண்டாம் ஆண்டு பொருளியல் படிக்கிறாள். இன்ஜினியரிங்குக்கு வேண்டும் என்று ஆர்கெஸ்ட்ராவை நீக்கிவிட்டு நான் போட்ட அந்தப் பிசிக்ஸ் வகுப்பைப் பற்றி அவள் ஒருபோதும் குறை சொன்னதில்லை. எனக்குத்தான் மறக்கவில்லை.

போன வாரம் மகனுடைய தாள் வந்தது. அக்காவை வீடியோ அழைப்பில் கூப்பிட்டுப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அவனே நிரப்பினான். கணக்குக்கு நேரே அல்ஜீப்ரா 2. "சம்மர்ல எடுக்கலையா?" என்று என் கணவர் கேட்டார். "வேண்டாம்பா" என்று போனுக்குள்ளிருந்து அவள் சொன்னாள். ஏ.பி. ஒன்றே ஒன்று, உலக வரலாறு. ஜாஸ் பேண்டுக்கு ஆறு பீரியடுக்குள் இடமில்லை. பள்ளிக்கு முன்னால் இருக்கும் ஜீரோ பீரியடில்தான் நடக்கிறதாம். கலிபோர்னியாவில் 2022 முதல் ஹைஸ்கூல் எட்டரைக்கு முன் தொடங்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறது, ஜீரோ பீரியடுக்கு விலக்கு உண்டு. ஏழு இருபத்தைந்துக்கு முதல் மணி அடிக்கும்.

"யார் கொண்டு விடுவா?" என்று தயங்கிக் கேட்டான். டிராம்போனைத் தூக்கிக்கொண்டு அவனால் சைக்கிளில் போக முடியாது. நான் விடுகிறேன் என்று சொல்லிவிட்டு, மாற்றுப் பாடத்துக்கான இரண்டு கோடுகளிலும் அவன் என்ன எழுதியிருக்கிறான் என்று படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டேன்.